அபூ சமீஹ் கவலைக்கிடம்

மனநிம்மதிப் பயணக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கிற புத்தகத்தின் மேலட்டையில் ஒரு குடும்பம் கடற்கரையில் நின்று சிரித்துக்கொண்டிருக்கும். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். உள்ளே நாற்பது சொச்சம் பக்கங்களுக்கு, அந்தக் குடும்பத்துக்கு என்னென்ன நடந்தால் பணம் கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். படித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சிரிப்பின் காரணம் புரியும். அந்தக் குடும்பம் புத்தகத்தைத் திறக்கவேயில்லை.

சமீஹும் திறக்கவில்லை. ஸல்த் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் அவன் பூகோள வாத்தியார். வருஷா வருஷம் பலகையில் கருங்கடலை நீலச் சுண்ணாம்பால் வரைந்து, வடக்கே இது, தெற்கே அது என்று பிரம்பால் தட்டிக் காட்டுவானே தவிர, அந்தக் கடல் ஈரமாக இருக்குமா என்றுகூட அவனுக்கு நேரில் தெரியாது. இந்தக் கோடையில்தான் துணிந்து, மனைவி ரிஹாபையும் மகள் ஜுல்னாரையும் கூட்டிக்கொண்டு துருக்கிக்கு, கருங்கடல் ஓரத்துத் திராப்சோனுக்குப் போவதென்று சீட்டு எடுத்தான். விடுதி எடுத்தான். எதற்கும் இருக்கட்டும் என்று காப்பீடும் எடுத்தான். ஜுல்னார் ஒரு மாதத்துக்கு முன்பே பெட்டியைக் கட்டிவைத்து, தினம் ஒரு தடவை திறந்து நீச்சலுடை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை விமானம். ஞாயிற்றுக்கிழமை ரிஹாபின் தம்பிக்குப் பெண் கிடைத்துவிட்டது. பெண்ணின் மாமா அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறாராம், அவர் திரும்புவதற்குள் வியாழக்கிழமையே வந்து பேசி முடியுங்கள் என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். பேசி முடிப்பது என்றால் ஜாஹா. ஊர்ப் பெரிய மனிதர்கள் மேலங்கி போட்டுக்கொண்டு கூட்டமாகப் போவார்கள். அந்த வீட்டில் காப்பி வைப்பார்கள். தலைவர் அதைத் தொடாமல் முன்னால் வைத்து, வந்த காரியத்தைச் சொல்வார். "காப்பியக் குடிங்க, நீங்க கேட்டது கிடைச்சாச்சு" என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் குடிப்பார்கள். அந்தத் தலைவர் வேறு யாருமில்லை, சமீஹின் தகப்பனார் அபூ சமீஹ்தான். அபூ சமீஹ் என்றால் சமீஹின் அப்பா; சொந்தப் பெயர் மித்கால். ஸல்த்தில் பெண் கேட்பதோ, வண்டி மோதிய வழக்கோ, கொலைப் பகையோ, அவர் இல்லாமல் ஜாஹா கிளம்பாது.

"என் முன்னால வெச்ச காப்பி இன்னிக்கு வரைக்கும் ஆறுனதில்லடா" என்பது அவர் வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லும் பெருமை. கேட்டது கிடைக்கத் தாமதமானதே இல்லை என்று அர்த்தம்.

சொந்த மைத்துனன் நிச்சயத்தை விட்டுவிட்டுக் கடலில் குளிக்கப் போனால் ரிஹாபின் வீட்டார் அவனைக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். பயணம் ரத்து. விமானக்காரன் கைவிரித்தான். விடுதிக்காரன் அழகான ஒரு பூப்படம் அனுப்பி வருத்தம் தெரிவித்தான். மிச்சமிருந்தது காப்பீடு. சமீஹ் தலைநகர் அம்மானுக்கு, ஷுமைஸானி வட்டாரத்தில் கண்ணாடிக் கோபுரம் மாதிரி நிற்கிற அந்த அலுவலகத்துக்குப் போனான்.

அங்கே அவனை வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அந்தப் பிரிவில் ஹனாதி என்கிற பெண் உட்கார்ந்திருந்தாள்.

"யாராவது தவறிட்டாங்களா, உஸ்தாத்?" என்று வாத்தியாரைக் கேட்டாள். குரலில் அவ்வளவு நம்பிக்கை.

"இல்லம்மா. அல்லாஹ் காப்பாத்தணும்."

"பரவால்ல, பரவால்ல. பெரிய விபத்து ஏதாச்சும்? கை, கால்?"

"அதெல்லாம் இல்ல. என் மச்சானுக்கு நிச்சயதார்த்தம்."

ஹனாதியின் முகம் வாடிப்போயிற்று. "அச்சச்சோ. சந்தோஷத்துக்கு நாங்க பணம் குடுக்கறதில்லையே, உஸ்தாத்."

"சந்தோஷத்தாலதானே போக முடியல?"

"சந்தோஷம் நீங்களா வரவழைச்சுக்கறது. துக்கம் தானா வர்றது. தானா வர்றதுக்குத்தான் காப்பீடு." அவள் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். அங்கே அதுதான் இன்னும் மோசமான அரபியில் எழுதியிருந்தது. ஆனாலும் அவள் நல்ல பெண், இரக்கப்பட்டாள். "அப்பா இருக்காரா?"

"இருக்காரு."

"வயசு?"

"எழுபத்தெட்டு."

"எழுபத்தெட்டா!" ஹனாதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அத முதல்லயே சொல்றதுக்கென்ன? உடம்புக்கு எப்படி?"

"கொஞ்சம் சர்க்கரை. நேத்து ரெண்டு தும்மல் போட்டாரு."

அவள் விரல்கள் பறந்தன. "நான் கேக்கறேன், நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க. வாயால சொன்னா வாக்குமூலம் ஆயிடும். தலைய ஆட்டினா அது வெறும் தகவல். அப்பாவுக்குத் திடீர்னு முடியாமப் போச்சா? நெலமை கவலைக்கிடமா? இப்படிப்பட்ட நேரத்துல ஒரு மகன் அவர விட்டுட்டுக் கடல் தாண்டிப் போவானா?"

கடைசிக் கேள்விக்குப் போக மாட்டான் என்றுதான் சமீஹ் தலையை ஆட்டினான். ஆனால் தலை ஒன்றுதானே, மூன்று கேள்விக்கும் சேர்ந்து ஆடிவிட்டது. அவன் கண்ணில் ஜுல்னாரின் பெட்டி நின்றது. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். சமீஹ் ஒரே ஒரு பொய்தான் சொன்னான், அதையும் தலையால் சொன்னான். அச்சடித்து வந்த தாளில் "தந்தை மித்கால், நினைவின்றிக் கவலைக்கிடம்" என்று இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். வீட்டுக்கு வந்தால், கவலைக்கிடமானவர் முற்றத்தில் உட்கார்ந்து பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவனைத் திட்டிக்கொண்டிருந்தார். சமீஹ் நேரே போய் அவர் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டான்.

"என்னடா, கடன் வேணுமா?"

"இல்லப்பா. சும்மா."

"சும்மா எவனும் கைக்கு முத்தம் குடுக்க மாட்டான். சொல்லு."

அன்றிலிருந்து சமீஹ் அப்பாவுக்கு நடைபாதையில் கல் இருந்தால் பொறுக்கினான். வெள்ளிக்கிழமைதோறும் தானே போய் நல்ல ஆட்டிறைச்சி வாங்கிவந்தான். அவர் தும்மினால் இவன் ஓடிப்போய்ப் போர்வை கொண்டுவந்தான். அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடினால் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தான். ஒரு தடவை அப்படிப் பார்க்கும்போது அவர் கண்ணைத் திறந்துவிட்டார்.

"என் மூக்குல என்னடா தேடற?"

"ஈ உக்காந்திருந்திச்சுப்பா."

மனநிம்மதி நிறுவனம் தன் பங்குக்குக் கடமையில் தவறவில்லை. முதலில் ஒரு பூங்கொத்து வந்தது. "தங்கள் தந்தையின் நிலைமை தொடர வாழ்த்துகிறோம்" என்று அட்டையில் எழுதியிருந்தது. சமீஹ் அதை ஆசிரியர் தினப் பரிசு என்று சொல்லிச் சமாளித்தான். ஆசிரியர் தினத்துக்கு இன்னும் மாதக்கணக்கில் இருந்தது. பிறகு ஹனாதி நாள் தவறாமல் ஃபோன் செய்தாள். "எப்படி இருக்காரு? மோசமாயிட்டுதானே இருக்காரு?" அவன் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "அப்படியேதாம்மா இருக்காரு" என்பான். "அப்படியேன்னா பணம் நகராதே, உஸ்தாத்" என்று அவள் உண்மையாகவே வருத்தப்படுவாள்.

கடைசியில் இழப்பீட்டுத் துறை இயக்குநரே பேசினார். டாக்டர் ஃபிராஸ். எதில் டாக்டர் என்று யாருக்கும் தெரியாது.

"உஸ்தாத் சமீஹ், எங்க நிறுவனம் மனுஷத்தன்மையில நாட்டுக்கே முதலிடம். நாங்க உங்கப்பாவ சாகச் சொல்லல. அந்த மாதிரி எப்பவும் கேக்க மாட்டோம். ஒரு தோராயமான தேதி மட்டும் கேக்கறோம். மூணு மாசக் கணக்கு முடிக்கணும், பாருங்க. அதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"யா டாக்டர், அது அல்லாஹ் கையிலதானே இருக்கு?"

"அப்படின்னு எழுத்துல குடுங்க. மூன்றாம் தரப்பு தாமதம்னு பதிவு பண்ணிக்கறோம்."

சமீஹ் ஃபோனை வைத்துவிட்டு, அஸ்தஃபிருல்லாஹ், அஸ்தஃபிருல்லாஹ் என்று அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கழிவறையை விட்டு வெளியே வந்தான். இழப்பீடு கேட்பதையே விட்டுவிடலாம் என்று அன்றே முடிவு செய்தான். பணமும் வேண்டாம், மண்ணும் வேண்டாம், தாளை வாங்கிக் கிழித்துப் போட்டுவிடலாம். நினைத்ததோடு சரி. ஜுல்னாரின் பெட்டி இன்னும் பிரிக்கப்படாமல் கட்டிலடியில் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் மன்ஸஃப் என்கிற கறிச்சோற்றுத் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அபூ சமீஹ் சோற்றை உருண்டை பிடித்துப் பேத்தியின் பக்கம் தள்ளினார். "ஏன் வாடிப்போய் இருக்க, என் கண்ணு? கடலுக்குப் போகலன்னுதானா?"

"போயிருப்போம், தாத்தா. அந்தக் காப்பீட்டுக் கம்பெனிக்காரங்க அப்பாவோட பணத்தத் திருப்பித் தர மாட்டேங்கறாங்க. அப்பா தினம் பாத்ரூம்ல போய்க் கெஞ்சறாரு."

சமீஹின் கையிலிருந்த சோறு கீழே விழுந்தது. அபூ சமீஹ் கையைத் துடைத்துக்கொண்டார்.

"என் மகன் கெஞ்சறானா? யார்கிட்ட?"

"விடுங்கப்பா. சின்ன விஷயம். நானே பார்த்துக்கறேன்."

"ரத்தப் பகைய முடிச்சுவெச்சவன்டா நான். ஒரு கண்ணாடிக் கடைக்காரன் என் பிள்ளைய அலைய விடுவானா? ஞாயித்துக்கிழமை ஜாஹா போறோம்."

"கம்பெனிக்கெல்லாம் யாருப்பா ஜாஹா போவாங்க! என்ன காரணம்னு தெரியாம நீங்க..."

"காரணம் கேக்கறவன் ஜாஹாவுக்கு வர மாட்டான். யார் பக்கம் தப்புன்னு கிளறாமக் கேட்டாத்தான்டா எதிராளி மனசு இறங்குவான். நான் இதுவரைக்கும் யாரையும் காரணம் கேட்டதில்ல. பெத்த பிள்ளைகிட்டயா கேக்கப் போறேன்?"

இதற்கு மேல் வாயைத் திறக்க வேண்டுமென்றால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். சமீஹ் வாயில் சோற்றை அடைத்துக்கொண்டான்.

அங்கே வாரத்தின் முதல் வேலைநாளான ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு சிற்றுந்துகள் நிறையப் பெரியவர்கள் கிளம்பினார்கள். ஒட்டக ரோம மேலங்கி, கரையில் பொன் சரிகை, தலையில் சிவப்புக் கட்டம் போட்ட துணி. யாரும் எதற்கு என்று கேட்கவில்லை; அபூ சமீஹ் கூப்பிட்டார், வந்தார்கள். வண்டியில் சமீஹ் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, ஒரு விஷயம் சொல்லணும்" என்று மூன்று தடவை ஆரம்பித்தான். "தள்ளி உக்காருடா, மேலங்கி கசங்குது" என்று மூன்று தடவையும் அவர் சொன்னார். நான்காவது தடவை ஆரம்பிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

கோபுரத்து வாசலில் காவலாளி ஆளுக்கொரு வரிசை எண் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். கொலைப் பகையை முடித்துவைத்த கிழவர்கள் கையில் சீட்டோடு சோபாக்களில் உட்கார்ந்தார்கள். அபூ சமீஹ் தன் பெயரைச் சொல்லப் போனார்.

"பெயர் வேண்டாம், ஹாஜ்" என்று காவலாளி பெரியவரைத் தடுத்தான். "பெயர் தனிப்பட்ட தகவல். எண்தான். நீங்க நாப்பத்தொண்ணு."

மாடியிலிருந்து கண்ணாடி வழியாக டாக்டர் ஃபிராஸ் பார்த்தார். எதில் டாக்டராக இருந்தாலும் பிறந்தது கரக் ஊரில்; ஜாஹா வழக்கம் அவருக்கும் தெரியும். சோபா நிறைய மேலங்கிகளைக் கண்டதும் அவருக்கு முதுகு வேர்த்தது.

"காப்பி குடுத்துட்டீங்களா?" என்று ஹனாதியிடம் பதறினார்.

"இப்பதான் சார், எடுத்துட்டு வரச் சொல்லப் போறேன்."

"வேண்டாம்! ஒரு சொட்டு போகக் கூடாது. காப்பி வெச்சா அவங்க குடிக்க மாட்டாங்க. குடிக்கலன்னா நாம பதில் சொல்லணும். இந்தக் கட்டடத்துல இன்னிக்குக் காப்பியே கிடையாது."

ஊழியர்கள் காப்பி இயந்திரத்தின் மேல் மேசை விரிப்பைப் போட்டு மூடி, அதன்மேல் ஒரு பூச்சாடியையும் வைத்தார்கள். மணம் போக ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். பிறகு டாக்டர் ஃபிராஸ் இறங்கி வந்து, நெஞ்சில் கைவைத்து எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, பேச ஆரம்பித்தார்.

"பெரியவங்களே! வாடிக்கையாளருங்க எங்களுக்குக் குடும்பம். குடும்பத்துக்குள்ள பணம் பேசினா பாசம் கெட்டுடும். அதனால நாங்க பணம் வாங்கறப்போ மட்டும்தான் பணத்தப் பத்திப் பேசுவோம், அதுக்கப்புறம் வெறும் பாசம்தான். போன வருஷம் நாங்க பணம் குடுத்தவங்க எத்தனை பேர் தெரியுமா? ரொம்பக் கம்மி. அந்த அளவுக்கு எங்க வாடிக்கையாளருங்க ஆரோக்கியமா இருக்காங்க. இது யாரோட சாதனை?"

அபூ சமீஹ் தொண்டையைச் செருமினார்.

"மகனே, நாங்க வந்து உக்காந்து வெயிலே ஏறிடுச்சு. இந்த வீட்ல காப்பி இல்லையா?"

அந்த நாட்டில் ஒருவனை அதற்கு மேல் திட்ட வார்த்தை கிடையாது. டாக்டர் ஃபிராஸின் காது சிவந்தது. பேச்சை மாற்றக் கையிலிருந்த கோப்பைப் பிரித்தார்.

"ஹாஜ் நாப்பத்தொண்ணு, நீங்க நியாயஸ்தரு. நீங்களே சொல்லுங்க. இந்த உஸ்தாத்தோட அப்பா நினைவில்லாமக் கவலைக்கிடமா கிடக்காரு. பேரு மித்கால், அபூ சமீஹ்னு போட்டிருக்கு. பாவம், எந்த நிமிஷமும் போயிடலாம். மகன் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. தகப்பன் தலைமாட்டுல உக்காந்து ஓத வேண்டிய பிள்ளைய இப்படிக் காசுக்காக இழுத்துட்டு வந்திருக்கீங்களே, மனசாட்சி வேண்டாமா?"

சோபாக்களிலிருந்த அத்தனை தலைகளும் திரும்பின. நடுவில், பொன் சரிகை மேலங்கியில், கன்னம் சிவக்க உட்கார்ந்திருந்தார் அபூ சமீஹ்.

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று சமீஹ் நினைத்தான். பூமியைப் பற்றி அவ்வளவு பாடம் நடத்தியிருந்தும் அது அவனுக்கு உதவவில்லை. அப்பா அவனை ஒரு தடவை பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான். அவர் பார்த்தது, வழி கேட்டு வந்த வேற்றூர்க்காரனைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

பிறகு அபூ சமீஹ் இருமினார்.

பழக்கமில்லாத இருமல். முதலில் சரியாக வரவில்லை. இரண்டாவது தடவை கொஞ்சம் தேறியது. மூன்றாவதில் மெதுவாகச் சோபாவில் சாய்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மித்கால் நான்தான்" என்றார். "டாக்டருங்க கைவிட்டுட்டாங்க. போறதுக்கு முன்னால பிள்ளைக்காகக் கடைசியா ஒரு ஜாஹா போயிடலாம்னு எழுந்து வந்தேன்."

பக்கத்தில் இருந்த கிழவர் குழம்பிப்போனார். "யா மித்கால், காலையில ரெண்டு தட்டு ஃபூல் பயறு சாப்பிட்டியே?"

"அது கடைசி ஆசை" என்றார் அபூ சமீஹ்.

"லா ஹவ்ல வலா குவ்வத்த..." என்று துக்கம் கேட்டவர்கள் சொல்வதைக் கூட்டம் முழுக்க முணுமுணுத்தது. சிலருக்குக் கண் கலங்கியது. டாக்டர் ஃபிராஸ் தாளைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார். அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் ஒரு கிழவனைப் பொய்யன் என்று சொல்ல முடியாது. சொல்லாமல் விட்டு, கிழவர் நிஜமாகவே இங்கே போய்ச் சேர்ந்துவிட்டாலோ, முழுத் தொகையோடு சடலம் அனுப்பும் செலவும் நிறுவனத்தின் தலையில் விழும். அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். உயிரோடு இருப்பதே மலிவு என்று வந்தது.

"காப்பி!" என்று கத்தினார். "ஹனாதி, காப்பி கொண்டு வா!"

பூச்சாடியை எடுத்து, விரிப்பை விலக்கி, காகிதக் கோப்பைகளில் இனிப்பும் நுரையுமாக எதையோ கொண்டுவந்து வைத்தார்கள். அபூ சமீஹ் அதைத் தொடவில்லை. டாக்டர் ஃபிராஸ் குனிந்து, "குடிங்க, அபூ சமீஹ். நீங்க கேட்டது கிடைச்சாச்சு" என்றார். அபூ சமீஹ் குடித்தார். அந்த நுரை மீசையில் ஒட்டிக்கொண்டது, துடைத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால் தேவலை. மனநிம்மதி நிறுவனத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தால் அதை நாலு பேருக்குச் சொல்லாமல் விட மாட்டார்கள், ஏனென்றால் அடிக்கடி நடப்பதில்லை. கிழவர்கள் கையில் ஆளுக்கொரு தொடுதிரையைக் கொடுத்து, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று குத்தச் சொன்னார்கள். அபூ சமீஹைப் படுத்தவாக்கில் வைத்து, ஒரு பக்கம் டாக்டர் ஃபிராஸ், மறுபக்கம் தலைகுனிந்த சமீஹ், கையில் பெரிய அட்டைக் காசோலை, படம் எடுத்தார்கள்.

திரும்பும் வழி முழுக்க அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. ஓர் அறை விட்டிருந்தால் சமீஹுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான். இப்போது மேலங்கி கசங்கினாலும் அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

வீடு வந்து சேர்வதற்குள் படம் ஊர் முழுக்க எல்லார் ஃபோனுக்கும் வந்துவிட்டது. "மரணப் படுக்கையிலும் மனநிம்மதி" என்று மேலே எழுதியிருந்தார்கள். பிற்பகலில் அழைப்புகள் ஆரம்பித்தன. முதலில் அழைத்தவர்கள் நலம் விசாரித்தார்கள். அடுத்து அழைத்தவர்கள் எப்போது அடக்கம் என்று விசாரித்தார்கள். ஒரு தடவை அபூ சமீஹே ஃபோனை எடுத்தார். துக்க வீட்டுக்குப் பந்தல் போடுகிறவன்.

"அபூ சமீஹுக்குத்தானே? நாற்காலி மெத்தை வெச்சதா, வெறும் பிளாஸ்டிக்கா?"

"நான் அபூ சமீஹ்தான்டா பேசறேன்."

"அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையக் குடுக்கட்டும்" என்றான் அவன், பழக்க தோஷத்தில். "மெத்தை வெச்சதே போட்டுடறேன்."

அபூ சமீஹ் ஃபோனை வைத்தார். கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று தன்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ரிஹாபை எழுந்திருக்க விடாமல் சமீஹ் தானே அடுப்படிக்குப் போனான். ஏலக்காய் தட்டிப் போட்டு, சர்க்கரையில்லாமல், அவருக்குப் பிடித்த மாதிரி கசப்பாகக் காப்பி கொதிக்கவைத்து, சின்னக் கோப்பையில் ஊற்றி, வலது கையால் நீட்டினான். அப்பா வாங்கினார். வாங்கி, உதட்டுக்குக் கொண்டுபோகாமல், முன்னாலிருந்த மேசையில் வைத்தார்.

ஜுல்னாருக்குக்கூட அதன் அர்த்தம் தெரியும்.

பெற்ற தகப்பன், மகன் வீட்டில், மகனிடம் ஜாஹா வந்து உட்கார்ந்திருக்கிறார். அவன் எதிரில் மண்டியிட்டான். "கேளுங்கப்பா. எதுவா இருந்தாலும் குடுத்தாச்சு. காப்பியக் குடிங்க."

"அவசரப்படாத. குடுத்துட்டு அப்புறம் சொல்லு." அவர் குரல் உடைந்திருந்தது. "இத்தனை வருஷம் என் வார்த்தையக் கேட்டுத்தான்டா எதிராளி துப்பாக்கியக் கீழ வெச்சான். இன்னிக்கு நான் அத்தனை பேர் முன்னால பொய் இருமல் இருமினேன். உன் மானத்துக்காக இருமினேன், அதுக்கு வருத்தப்படல. ஆனா இனிமே நான் எவன் வீட்டுக்குப் போய் எந்த வாயால பேசுவேன்?"

சமீஹ் அழுதுவிட்டான். "என்ன செய்யணும்னு சொல்லுங்கப்பா."

"என்னைய உயிரோட எழுதிட்டு வா."

மறுநாள் காலையில் அலுவலகக் கதவு திறக்கும்போதே சமீஹ் ஷுமைஸானியில் இருந்தான். ஹனாதி அவனைப் பார்த்ததும் எழுந்து நின்று, "போயிட்டாரா?" என்றாள்.

"இல்லம்மா. அவருக்கு ஒண்ணுமே ஆகல. எப்பவும் ஆனதில்ல. நான்தான் தலைய ஆட்டினேன். அத அழிக்கணும்."

ஹனாதி பயந்துபோய் இயக்குநரைக் கூப்பிட்டாள். டாக்டர் ஃபிராஸ் வந்தார்.

"உஸ்தாத், செத்துட்டாருன்னா ஒரு கையெழுத்துல முடியற வேலை. பிழைச்சுட்டாருன்னு வந்தா எங்களுக்குப் பெரிய சிக்கல். ஒரு நோயாளி குணமாகறது ஒப்பந்த மீறல். குடுத்த பணத்தத் திருப்பணும். குணமான கட்டணம்னு ஒண்ணு கட்டணும். படத்தப் பார்த்துக் கண்ணீர் விட்ட ஆயிரக்கணக்கான பேர் மனசு என்ன ஆகும்? எங்க பேரு?"

"எல்லாம் கட்டறேன். நான் பொய் சொன்னேன்னு எழுதுங்க."

டாக்டர் ஃபிராஸ் அவனை முதல்முறையாக அனுதாபத்தோடு பார்த்தார். திரையைத் திருப்பிக் காட்டினார். "பொய்னு எழுத இதுல இடமே இல்ல, உஸ்தாத். இருந்தா நாங்களும் அதுல போட வேண்டி வரும். மூணுதான் இருக்கு. மரணம், மோசமடைதல், அதிசயம். எது வேணும்?"

சமீஹ் கெஞ்சினான். வெறும் ஒரு வரி, நான் பொய் சொன்னேன் என்று, ஓரத்திலாவது எழுதிக்கொள்ளுங்கள் என்றான். ஓரமும் இல்லை என்றார்கள். கடைசியில் அதிசயத்தில் விரலை வைத்தான். பணம் போயிற்று. அட்டைக் காசோலையைத் தாண்டிக் கைக்கே வராத அந்தப் பணத்துக்கு மேல் இவன் கைப்பணமும் கொஞ்சம் போயிற்று. வாசலில் காவலாளி ஒரு பூங்கொத்தைக் கொடுத்தான். "தங்கள் தந்தையின் எதிர்பாராத நலத்துக்கு வருந்துகிறோம்" என்று அட்டையில் இருந்தது.

வீட்டில் அப்பா அதே இடத்தில், குளித்து மேலங்கி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் அதே கோப்பை. ஈ விழாமல் ஜுல்னார் ஒரு சாஸரை மேலே கவிழ்த்திருந்தாள். காலையில் ரிஹாப் கழுவ எடுத்தபோது அவள் தொட விடவில்லையாம். கட்டிலடியிலிருந்த பெட்டி பிரிக்கப்பட்டு, நீச்சலுடை கொடியில் தொங்கியது.

"எழுதிட்டாங்களா?" என்று அப்பா கேட்டார்.

"எழுதிட்டாங்கப்பா. உண்மைய எழுத இடமில்லன்னுட்டாங்க. அதிசயம்னு போட்டிருக்காங்க."

அபூ சமீஹ் மேலங்கியைச் சரிசெய்துகொண்டார். "சரிதான். உன்ன மாதிரி ஒருத்தனப் பெத்துட்டு நான் இன்னும் உயிரோட இருக்கறது அதிசயம்தான்."

சமீஹுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. சாஸரை எடுத்தான். காப்பியின் மேல் ஏடு கட்டியிருந்தது. "நேத்து வெச்சதுப்பா. கொட்டிட்டு வேற போட்டுக் கொண்டாறேன்."

"வைடா. எது வெச்சாங்களோ அதத்தான் குடிக்கணும்."

அவர் கோப்பையை எடுத்து, ஏட்டோடு, ஒரே மடக்கில் குடித்தார். முகத்தைச் சுளிக்கவில்லை. காலிக் கோப்பையை மகன் கையில் கொடுத்தார்.

"ஆறிப் போச்சுடா" என்றார்.